நகத்தளவு கண்ணாடி

"அக்கா, கொஞ்சம் வாயேன்"னு ஸஹானா கூப்பிட்டப்போ, "இன்னாடி இப்போ, பேஜார் பண்ணாத"ன்னுதான் சொன்னேன். மாடியில வெள்ளைக்காரர் உட்கார்ந்துகினு இருக்காரு. எந்த நிமிஷமும் கீழ இறங்கி என் அசெம்பிளி ரூமுக்குள்ள வருவாரு. அந்த நேரத்துல சாமியே வந்து கூப்பிட்டாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். அப்புறம்தான் அவ மூஞ்சியைப் பார்த்தேன். சொட்டு ரத்தம் இல்லை. ஏழு மாச வயித்தை இடது கையால பிடிச்சுகினு, டிரெஸ் மாத்துற ரூம் கதவுல சாய்ஞ்சு நின்னா. முதல் பிள்ளை அஞ்சாம் மாசத்துல கலைஞ்சப்போ அவளுக்கு வலி எடுத்தது இதே ரூம்லதான்.

"வலிக்குதாடி?"

இல்லைன்னு தலையை ஆட்டினா. வலது கையை நீட்டினா. வெள்ளைக் கோட்டுக் கையை மடிச்சு, உள்ள சுத்தியிருந்த கிரேப் பேண்டேஜைப் பாதி பிரிச்சிருந்தா. வரிசையா பச்சைக் கண்ணாடி வளையல். நடுவுல ஒண்ணு உடைஞ்சு, துண்டு துண்டா பேண்டேஜ் மடிப்புக்குள்ள சிக்கிக் கிடந்துச்சு.

"அக்கா, என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"ன்னு கேட்டா.

அவ பயம் அவளுக்கு. என் பயம் வேற. எனக்கு அந்த வளையலைப் பார்த்ததும் பிள்ளை ஞாபகம் வரலை. டிரேயில மூடி சீல் போட்டு வச்சிருக்கிற நாலு பிளாக்தான் ஞாபகம் வந்துச்சு. நாலையும் காலையில இருந்து இந்தக் கையாலதான் பாகம் பாகமா சேர்த்துப் பூட்டினா.

எங்க கம்பெனி தாம்பரம் சானடோரியத்துல ஒரு சந்துக்குள்ள கீது. வெளியில இருந்து பார்த்தா கல்யாண மண்டபத்தோட பின்பக்கம்னு நினைப்பீங்க. நாங்க செய்யறது அலுமினியத்துல ஒரு பிளாக். பாதி செங்கல் அளவு இருக்கும். அதுக்குள்ள குறுக்கும் நெடுக்குமா எலி வளை மாதிரி துளை. விமானத்தோட சக்கரத்தை ஏத்தி இறக்குற எண்ணெய் அந்தத் துளையிலதான் ஓடும். அந்த எண்ணெய்ல ஒரு தூசி மாட்டினாலும் வால்வு சிக்கும். வால்வு சிக்கினா சக்கரம் இறங்காது. சக்கரம் இறங்கலைன்னா மேல இருக்கிறவன் கதி என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போ அஞ்சாறு நாடு ஒண்ணா சேர்ந்து ஒரு ராணுவச் சரக்கு விமானம் கட்டுறாங்க. அதுக்குப் பாகம் செஞ்சு தர்றதுக்கு நம்ம பக்கத்துல கம்பெனி தேடுறாங்க. அம்பத்தூர்ல இருந்து ஒரகடம் வரைக்கும் பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வரிசையில நிக்கிறாங்க. அந்த வரிசையோட வால்ல எங்க முதலாளி தனசிங் சாரும் நின்னாரு. நின்னாருன்னா சும்மா இல்லை, நாயா பேயா அலைஞ்சாரு. கடைசியில ஒரு ஆடிட்டர் வர்றதா ஒத்துக்கினாங்க. கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் இல்லை, கம்பெனியையே உரிச்சுப் பார்க்கிற ஆடிட்டர், அவர்தான் மாடியில இருக்கிற வெள்ளைக்காரர். அவர் ஓகே சொன்னா இந்த நாலு பிளாக்கையும் கையோட எடுத்துக்கினு போவாரு. நேரா சோதனை விமானத்துல மாட்டுவாங்க. அதை ஓட்டப்போறவனுக்கும் வூடு, பெண்டாட்டி, பிள்ளை இருக்கும்ல.

வளையல் எப்படி உள்ள வந்துச்சுன்னு கேட்பீங்க. அசெம்பிளி ரூம் கதவுலயே பெரிய எழுத்துல எழுதியிருக்கு, மோதிரம், வளையல், ஊக்கு எதுவும் கூடாதுன்னு. தாலியைக்கூட உள்ள தள்ளி, கழுத்து வரைக்கும் ஜிப் போட்டுக்கினுதான் போவோம். ஆனா வளைகாப்பு வளையலை யாரு கழட்டச் சொல்லுவாங்க? பிள்ளை பொறக்கிற வரைக்கும் அது கையில கிடக்கணும். அதுவும் ஒண்ணைப் பறிகொடுத்தவகிட்ட போய் கழட்டுன்னு சொல்ல எவளுக்கு வாய் வரும்? போன வெள்ளிக்கிழமை கேன்டீன்ல வச்சு நாங்களேதான் அவளுக்கு வளைகாப்பு நடத்தினோம். பல்லாவரம் சந்தையில அவ கைக்கு ஏத்த அளவுல பச்சை மட்டும்தான் கிடைச்சுது. பச்சையே நல்லதுதான்னு வாங்கினு வந்தேன். புளி சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம்னு ஆளுக்கு ஒண்ணு செஞ்சு எடுத்துக்கினு வந்தோம். தனசிங் சார் சம்சாரம் ஷீலா மேடம்கூட வந்து ஒரு வளையல் போட்டு, தலையில கை வச்சு ஜெபம் பண்ணாங்க, சாரும் கூட நின்னு போட்டோ எடுத்துக்கினாரு.

இன்னிக்கு வேலைக்கு வந்தப்போ வளையலை முடிஞ்ச வரைக்கும் மேல ஏத்தி, பேண்டேஜ் சுத்தி, கோட்டுக் கையை இழுத்து விட்டு, அதுக்கு மேல கிளவுஸ் மாட்டினோம். சத்தமே வராது. எல்லாருக்கும் தெரியும். யாரும் தப்புன்னு நினைக்கலை. ஸஹானாவை இன்னிக்கு லீவு போடச் சொல்லியிருக்கலாம்னு நீங்க சொல்லலாம். அவ கை மாதிரி, எண்ணெய் கசியாம இருக்கப் போடுற ரப்பர் சீல் வளையத்தை உட்கார வைக்கிற கை எங்ககிட்ட வேற இல்லை.

"உட்காரு. ஆடாத. மூச்சை மட்டும் விடு"ன்னு சொல்லி, பேண்டேஜை வெள்ளைத் துணி மேல மெள்ள பிரிச்சேன். ஏஞ்சல் ஓடி வந்தா. அவளும் என் ரூம்ல வேலை செய்யறவதான், போன வருஷம் பிள்ளை பெத்தவ. ரெண்டு பேரும் துண்டுங்களைப் பொறுக்கி மேசை மேல வட்டமா அடுக்கினோம். ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துகினே வந்துச்சு. கடைசியில ஒரு இடத்துல மட்டும் சேரலை. சுண்டு விரல் நகம் அளவு ஓட்டை.

கிளவுஸை உள்வெளியா திருப்பிப் பார்த்தோம். கோட்டை உதறினோம். ஏஞ்சல் டார்ச் அடிச்சு மேசைக்கு அடியில, ஸ்டூல் காலுக்குள்ள எல்லாம் படுத்துப் பார்த்தா. தரையில வெள்ளைத் துணி போட்டு இழுத்துப் பார்த்தோம். ஒண்ணும் இல்லை. எனக்கு வேர்த்து ஊத்துது, ஏசி ஓடிக்கினு இருக்கு.

"பஸ்ஸுலயே உடைஞ்சிருக்கும் அக்கா"ன்னு ஏஞ்சல் சொன்னா. அவ குரல் ஒரு மாதிரி இருந்துச்சு.

"பஸ்ஸுல உடைஞ்சா பேண்டேஜுக்குள்ள எப்படிடி துண்டு கிடக்கும்? நாமதான வந்தப்புறம் சுத்தினோம்? அறிவில்ல?"

அவ மூஞ்சியைத் திருப்பிக்கினு மறுபடி டார்ச்சை எடுத்தா. ஸஹானா சத்தம் போடாம அழுதுகினு இருந்தா. "யார்கிட்டயும் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்க்கா. வளையல் உடைஞ்சுதுன்னு வாயால சொன்னாலே ஆவாதுன்னு எங்க அம்மா சொல்லும். பயமா கீதுக்கா, அதான் சொல்லிட்டேன்"னா. அவ தலையைத் தடவிக் குடுத்துட்டு, நான் மாடிக்கு ஓடினேன்.

மீட்டிங் ரூம்ல திரையில படம் ஓடிக்கினு இருந்துச்சு. தனசிங் சார் கோட்டு சூட்டுல மாப்பிள்ளை மாதிரி நின்னுகினு இங்கிலீஷ்ல பேசிக்கினு இருந்தாரு. போன வருஷம் ஒரு வெளிநாட்டு ஹெலிகாப்டர் கம்பெனிக்கு இதே பிளாக்கைப் பெட்டி பெட்டியா அனுப்பினதையும், இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் வரலைங்கிறதையும் மூணாவது தடவையா சொன்னாரு. வெள்ளைக்காரர், உயரமா, நரைச்ச தாடி, பேனாவை உருட்டிக்கினே கேட்டாரு. பக்கத்துல ஸ்ரீவத்சன். விமானத் திட்டத்தோட சென்னை ஆபீஸ்காரர், நாங்க தமிழ்ல பேசறதை ஆடிட்டருக்கு இங்கிலீஷ்ல சொல்ல வந்தவர். நான் கதவுல நின்னு கையை ஆட்டினேன். சார் முறைச்சாரு. திரும்பவும் ஆட்டினேன். ஏதோ மன்னிப்புக் கேட்டுக்கினு வெளிய வந்தாரு.

மாடிப்படியில நின்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன். சார் தெக்க நாசரேத் பக்கத்துக்காரர். பயம் வந்துட்டா அந்த ஊர்ப் பேச்சு வெளிய வந்துடும்.

"ஏ, என்னம்மா சொல்லுத? உள்ள கெடக்குன்னு எப்படித் தெரியும்?"

"இல்லைன்னு எப்படி சார் தெரியும்?"

"அவரு சாயங்காலம் போயிருவாரு. அதுக்குப் பெறவு பாப்போம்."

"அவர் போவும்போது பிளாக்கும் கூடவே போவுது சார்."

கைப்பிடியைப் பிடிச்சுகினு அப்படியே நின்னாரு. அந்த மனுஷன் பயந்து நான் பார்த்ததே இல்லை. வெள்ளத்துல மெஷின் மூழ்கினப்போகூட லுங்கியை மடிச்சுக் கட்டிக்கினு சிரிச்சவரு. இப்போ கைப்பிடியை விடவே மாட்டேங்கிறாரு. சொன்னா ஆடிட்டர் கதவைச் சாத்திட்டுப் போயிடுவாரு, சொல்லலைன்னா ஒரு விமானம் போகும்னு அவருக்கே தெரியுது. "ஆண்டவரே"ன்னு முணுமுணுத்தாரு.

அப்புறம்தான் அந்த யோசனை சொன்னாரு. ஆடிட்டர்கிட்ட ஒண்ணும் சொல்லாம, நாங்க எப்படிக் கழுவறோம்னு செஞ்சு காட்டுறோம்னு சொல்லி, நாலு பிளாக்கையும் அவர் கண்ணு முன்னாடியே பிரிச்சுக் கழுவிடறது. கண்ணாடி உள்ள இருந்தா வெளிய வந்துடும். இல்லைன்னா மனசு நிம்மதி. "விமானக்காரங்க கேக்குத முழு பிரஷர்லயே கழுவிக் காட்டுவோம். வந்துட்டுன்னா அப்போ பாத்துக்கிடுவோம்"னாரு. எனக்குப் பிடிக்கலை. வேற வழியும் தெரியலை.

கழுவுற மேசைன்னா ஸ்டீல் தொட்டி, மேல ஒரு குழாய், சூடான எண்ணெய் பிரஷர்ல பாயும். அடியில வெள்ளை வலைத்துணி, உள்ள இருந்து வர்றது எல்லாம் அதுல தங்கும். நாங்க வழக்கமா கழுவுறது பாதி பிரஷர்லதான். இன்னிக்கு பிரஷர் முள் கடைசிக்குப் போற வரைக்கும் திருகைத் திருப்பினோம். பம்பு உறுமுச்சு. ஸஹானாவை நாற்காலி போட்டு மூலையில உட்கார வச்சோம். ஆடிட்டர் அவ வயித்தைப் பார்த்து லேசா சிரிச்சாரு. அவ கோட்டுக் கையை இழுத்து மூடிக்கினா.

முதல் பிளாக். நான்தான் பிரிச்சேன், நான்தான் குழாய்ல மாட்டினேன். எண்ணெய் உள்ள போச்சு, வெளிய வந்துச்சு. வலைத்துணியில ஒண்ணும் இல்லை. ஆடிட்டர் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னாரு. ரெண்டாவது. அதுலயும் ஒண்ணும் இல்லை. ஒவ்வொரு தடவையும் இல்லைன்னு தெரியறப்போ சந்தோஷப்படணுமா பயப்படணுமான்னு எனக்கே தெரியலை. இதுல இல்லைன்னா அடுத்ததுல இருக்கும்ல. தனசிங் சார் கைக்குட்டையால கழுத்தைத் துடைச்சுக்கினே இருந்தாரு. ஸ்ரீவத்சன் அதைக் கவனிச்சுட்டாரு.

மூணாவது பிளாக்ல எண்ணெய் பாஞ்சு கொஞ்ச நேரத்துல தொட்டியில டிக்குனு ஒரு சத்தம்.

சின்ன சத்தம்தான். எல்லாருக்கும் கேட்டுச்சு. பம்பை நிறுத்தினேன். வலைத்துணி மேல எண்ணெய்ல ஊறி, கருப்பா, நகம் அளவு ஒரு துண்டு.

ஆடிட்டர் இடுக்கியால அதை எடுத்து வெள்ளைத் தட்டுல வச்சாரு. அவர் மூஞ்சி மாறிப் போச்சு. இது இன்னான்னு கேட்டாரு. அப்போ தனசிங் சார் செஞ்சதை நான் பாராட்டியே ஆவணும். பொய் சொல்லுவாருன்னு நினைச்சேன். சொல்லலை. எங்க பொண்ணு ஒருத்தி மாசமா இருக்கா, எங்க வழக்கப்படி வளையல் போட்டுக்கினு இருந்தா, காலையில அது உடைஞ்சுது, ஒரு துண்டு காணோம், உள்ள விழுந்திருக்கும்னு பயந்துதான் பிரிச்சோம், உங்ககிட்ட முன்னாடியே சொல்லாதது என் தப்புன்னு முழுசா சொல்லிட்டாரு. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். ஸ்ரீவத்சன் மீதியைச் சொன்னாரு.

ஆடிட்டர் தட்டைப் பார்த்தாரு. அப்புறம் ஸஹானாவைப் பார்த்தாரு. அவ எந்திரிக்கப் போனா, உட்காருன்னு கையைக் காட்டினாரு. தாடியைத் தடவிக்கினு ஏதோ பேசினாரு. ஸ்ரீவத்சன் சிரிச்சுகினே எங்களுக்குச் சொன்னாரு: "தப்பு நடக்காத கம்பெனியே கிடையாதாம். நடந்ததை மறைக்காம தேடிக் கண்டுபிடிக்கிற கம்பெனியைத்தான் தேடிண்டு இருக்காராம். இனிமே வளையல் போட்டவாளுக்கு வேற ரூம்ல வேலை குடுங்கோன்னு சொல்றார். அவ்வளவுதான்."

தனசிங் சாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆடிட்டர் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுகினாரு. ஸஹானா சேலைத் தலைப்பைத் தேடினா, கோட்டு போட்டிருக்கிறது ஞாபகம் வந்து, கையாலயே மூஞ்சியைத் துடைச்சா. எனக்கு அப்போதான் மூச்சே வந்துச்சு. இந்த வெள்ளைக்காரரைக் கும்பிடலாம் போல இருந்துச்சு. ஆவட்டும், இன்னும் ஒரு பிளாக்தான, அதையும் கழுவிட்டு முடிச்சுடலாம்னு அவர் சொன்னாரு.

ஸ்ரீவத்சன் அந்தத் துண்டைப் பத்திரப்படுத்தணும்னு ஒரு பஞ்சை எடுத்து ஸ்பிரிட்ல நனைச்சு, எண்ணெயைத் துடைச்சாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்.

கண்ணாடிதான். வளையல் துண்டுதான். வளைவு தெரிஞ்சுது, ஓரத்துல தங்கக் கோடு தெரிஞ்சுது. ஆனா சிவப்பு.

ஸஹானா கையில போட்டது எல்லாம் பச்சை. நானே சந்தையில நின்னு எண்ணி வாங்கினேன். ஒரு சிவப்பு கிடையாது. ஷீலா மேடம் போட்டதும் நான் வாங்கினதுல இருந்துதான். இது யாரோடது? திரும்பினேன். ஏஞ்சல் சுவத்தைப் பிடிச்சுகினு நின்னா. பேயறைஞ்ச மாதிரி இருந்தா. அப்போ எனக்கு எல்லாம் சட்டுன்னு புரிஞ்சுது. அவளுக்கும் போன வருஷம் இதே கேன்டீன்லதான் வளைகாப்பு நடத்தினோம். அவளுக்குச் சிவப்பு. அப்போ அவ, துளை போட்டதும் ஓரத்துல நிக்கிற அலுமினியப் பிசிறை எடுக்கிற வேலையில இருந்தா. ஹெலிகாப்டருக்குப் போன லாட்டு முழுக்க அவ கையில பிசிறு எடுத்ததுதான். இந்த நாலும் அந்த லாட்டுல மிச்சமானது. வெறும் பிளாக்கா அலமாரியில கிடந்ததைத்தான் எடுத்து இன்னிக்கு ஸஹானா பூட்டினா. ஒரு வருஷமா எங்கேயோ மூலைத் துளையில சிக்கிக்கினு இருந்தது, இன்னிக்கு முழு பிரஷர் போட்டதும் வெளிய வந்திருக்கு.

அவளோட வளையலும் உடைஞ்சிருக்கு. வாயால சொல்லக்கூடாதுன்னு அவளும் சொல்லலை.

தனசிங் சார் தட்டைப் பார்த்தாரு. அவருக்கும் தெரிஞ்சு போச்சு. ஷீலா மேடத்தோட சேர்ந்து போட்டோ எடுத்தவராச்சே, பச்சைன்னு தெரியாதா. ஆடிட்டர் கை இன்னும் அவர் கைக்குள்ளதான் இருக்கு. என்னைப் பார்த்தாரு. "வெண்ணிலா, நாலாவதை எடும்மா"ன்னாரு. கெஞ்சுற குரல். அதுல அவரோட மொத்த வாழ்க்கையும் இருந்துச்சு, எங்க எல்லாரோட வேலையும் இருந்துச்சு.

நானும் எடுக்கத்தான் போனேன். சத்தியமா சொல்றேன், கையை நீட்டிட்டேன். நாலாவதைக் கழுவி, பச்சைத் துண்டு அதுல வந்தா யாருக்கும் தெரியாம மறைச்சுடலாம், வரலைன்னா இன்னும் நல்லது, ஆடிட்டர் சந்தோஷமா போவாரு, நாமளும் சந்தோஷமா இருக்கலாம். அப்புறம் போன வருஷம் ஆணி அடிச்சு அனுப்பின மரப்பெட்டிங்க கண்ணு முன்னாடி வந்துச்சு. லாரியில ஏத்தினப்போ கைதட்டினோம். ஒண்ணுல ஒரு துண்டுன்னா, மத்ததுல? அது என்னிக்கு நகரும்? எந்த ஊரு மேல? தைரியத்துல பேசினேன்னு யாரும் நினைக்காதீங்க. பயம் தாங்க முடியாமதான் வாயைத் திறந்தேன்.

"சார், ஸஹானா வளையல் பச்சை. இது அவளோடது இல்லை."

ஸ்ரீவத்சன் மொழிபெயர்க்கலை. தட்டைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. இவங்க இன்னா சொல்றாங்கன்னு ஆடிட்டர் கேட்டாரு. ஸஹானா மெள்ள எந்திரிச்சு, கோட்டுக் கையை முழங்கை வரைக்கும் ஏத்தி, கையைத் தூக்கிக் காட்டினா. எல்லாம் பச்சை.

அப்போ ஏஞ்சல் முன்னாடி வந்தா. அவ கான்வென்ட்ல படிச்சவ, எங்கள்ல நல்லா இங்கிலீஷ் பேசறது அவதான். "ரெட் இஸ் மைன், சார்"னா. "லாஸ்ட் இயர்." அதுக்கு மேல அவளால முடியலை.

ஆடிட்டர் தனசிங் சார் கையில இருந்து தன் கையை எடுத்துக்கினாரு. பேனா, பேப்பர் எதையும் தொடலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. ஹெலிகாப்டர்ங்கிற வார்த்தை வந்ததால எனக்கே புரிஞ்சுது. போன வருஷம் அனுப்பினதெல்லாம் இப்போ எங்க இருக்கு?

தனசிங் சாருக்கு இங்கிலீஷ் மறந்து போச்சு. ஸஹானா பக்கத்துல கிடந்த நாற்காலியில உட்கார்ந்தாரு.

"எல்லாம் மாட்டியாச்சு"ன்னாரு. "பறந்துக்கிட்டு இருக்கு."